குரங்குக் காய்ச்சலும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இயலும் இசையும் நாடகமும் மணக்க வேண்டிய இம்மேடையில் நோயைப் பற்றிப் பேச வந்த என்னைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். காலம் அறிந்தே இப்பொருளை எடுத்துக்கொண்டேன். பொங்கலை ஒட்டிய இந்நாட்களில்தான் மலைநாட்டில் அந்நோய் தலையெடுக்கிறது. நம் காலனிக் குடும்பங்கள் பல ஜோக் அருவியைக் காணப் புறப்படுவதும் இந்நாட்களில்தான். பிழைப்பு நாடி வந்த நமக்குச் சோறிட்ட மண் இந்தச் சிவமொக்கா மாவட்டம். இதன் நலமும் தீங்கும் நம்முடையனவே அல்லவா?

இம்மாவட்டத்தின் சொரபா தாலுகாவில் கியாசனூர் என்னும் காடு ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டின் முற்பகுதியில் அக்காட்டில் குரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டு கிடந்தன. அதே நாட்களில் அக்கம்பக்கத்துச் சிற்றூர்களில் கடுங்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. குரங்கின் சாவுக்கும் மனிதரின் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்பதை முதலில் உணர்ந்தவர்கள் அவ்வூர் மக்களே. அவர்கள் அதற்கு இட்ட பெயர் ‘மங்கன காயிலெ’. அதாவது குரங்கு நோய்.

செய்தி புனாவில் 1952-இல் நிறுவப்பட்டிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தை எட்டியதும் அறிஞர்கள் திடுக்கிட்டனர். தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகள் மடிவது மஞ்சள் காய்ச்சலின் அறிகுறி. ஆசியா அதுவரை அறியாத அக்கொடுநோய் இந்தியாவிற்குள் புகுந்துவிட்டதோ என்பதே அவர்களின் அச்சம். டாக்டர் டெல்ஃபோர்டு வொர்க், டாக்டர் ஹெரால்டு டிராபிடோ முதலியோர் காட்டிற்கே வந்து ஆராய்ந்தனர். கண்டதோ மஞ்சள் காய்ச்சல் அன்று. உலகம் அதுவரை அறியாத புதியதொரு வைரஸ்! ருஷ்ய நாட்டுக் காடுகளில் உண்ணியால் பரவும் மூளைக் காய்ச்சல் வைரசுக்கு அது உறவு. அக்காட்டின் பெயராலேயே கியாசனூர் காட்டு நோய் என்று மருத்துவ உலகம் அதனை வழங்கலாயிற்று.

இந்நோயைச் சுமப்பது கொசு அன்று, உண்ணி. காட்டுச் சருகில் பொரிக்கும் உண்ணிக் குஞ்சுகள் எலி முதலிய சிற்றுயிர்களின் மேலும், பறவைகளின் மேலும், குரங்கின் மேலும் ஏறிக் குருதி குடிக்கின்றன. நச்சு ஏறிய உண்ணி உருமாறி வளர்ந்தாலும் அந்நச்சு அதனைவிட்டு அகல்வதில்லை. கரிய முகமும் நீண்ட வாலும் உடைய குரங்கும், நாட்டுக் குரங்கும் இந்நச்சைத் தாங்கமாட்டாமல் மடிகின்றன. குரங்கு இறந்து உடல் குளிர்ந்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் பரவுகின்றன. அவ்விடத்தில் கால் வைப்பவனுக்கு ஆபத்து காத்திருக்கிறது. கடுகினும் சிறிய இளம் உண்ணி கடிப்பதைப் பலர் அறிவதே இல்லை.

இதில் மாட்டின் பங்கு யாது? மாட்டுக்கு இந்நோய் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் முதிர்ந்த உண்ணிக்கு மாடே விருந்து. காட்டில் மேயும் மாட்டின் குருதியை உண்டு கொழுத்த ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே, நாம் மாட்டுப் பொங்கலன்று மாலையிட்டு வணங்கும் பசு, தான் அறியாமலே உண்ணிக் குலத்தைப் பெருக்கி வருகிறது.

இனி, நோய்க்கு இரையாவோர் யாவர் என்று பாருங்கள். கமுகுத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர், தொழுவத்திற்கும் எருவிற்கும் சருகு அரிப்பவர், விறகு பொறுக்கும் தாய்மார், மாடு மேய்க்கும் சிறுவர் ஆகியோரே. காட்டிற்குள் செல்லாவிடில் அடுப்பு எரியாத வீடுகள் அவை. காட்டை அழித்த இடத்திலும் நோய் சீறியிருக்கிறது. 1982-83-இல் தென் கன்னட மாவட்டத்துப் பெள்தங்கடிப் பகுதியில் முந்திரி பயிரிடக் காட்டை வெட்டியதைத் தொடர்ந்து பெருங்கொள்ளையாக இந்நோய் எழுந்தது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் நம் மாவட்டத்துச் சாகர் தாலுகா அரளகோடு வட்டாரத்தில் மீண்டும் தோன்றிப் பலரைக் கொண்டது. 2012 முதல் பந்திப்பூர், வயநாடு, கோவா, மராட்டியத்தின் சிந்துதுர்க்கம் என மேற்கு மலைத்தொடர் நெடுகிலும் அது தலைகாட்டியிருக்கிறது. தமிழகத்து நீலகிரிக் குரங்குகளிடமும் அதன் தடம் காணப்பட்டது.

உண்ணி கடித்த மூன்று முதல் எட்டு நாட்களுக்குள் நோய் திடீரெனத் தாக்கும். கடுங்காய்ச்சல், தலை பிளப்பது போன்ற வலி, உடம்பெல்லாம் தசை நோவு, வாந்தி ஆகியவை தோன்றும். சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் குடலிலும் குருதி கசியும். குணமாயிற்று என்று மகிழ்ந்திருக்கையில் ஓரிரு வாரத்தில் காய்ச்சல் திரும்பி, நடுக்கமும் மனக் குழப்பமும் காண்பதும் உண்டு. நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேர் வரை மாள்கின்றனர். இதனை ஒழிக்கும் தனி மருந்து இல்லை. ஆயினும் உரிய காலத்தில் மருத்துவமனை சேர்ந்து, நீரிழப்பையும் குருதிக் கசிவையும் கவனித்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். கடையில் தாமே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளுள் சில குருதிக் கசிவை மிகுவிக்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

தடுப்பூசி இல்லையா என்று கேட்பீர்கள். 1990 முதல் ஒரு தடுப்பூசி இப்பகுதிகளில் போடப்பட்டு வந்தது. பலமுறை போட்டும் அதன் பயன் போதாது என்று கண்டு 2022-இல் அதனை நிறுத்திவிட்டனர். புதியதொரு தடுப்பூசிக்கான முயற்சியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஈடுபட்டுள்ளது. ஆகவே, முன்னர் ஊசி போட்டுக்கொண்டோம் என்ற துணிவில் எவரும் காட்டிற்குள் செல்லலாகாது.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது என்ன? டிசம்பர் முதல் மே வரை காட்டிற்குள் செல்ல நேர்ந்தால் கை கால்களை முற்றும் மூடும் உடை அணிக. உண்ணியை விரட்டும் ‘டெப்பா’ எண்ணெயைப் பூசிக்கொள்க. சருகின்மேல் அமர்ந்து கட்டுச்சோறு உண்ணாதீர்கள். வீடு திரும்பியதும் உடம்பைச் சோதித்து, வெந்நீரில் குளித்து, உடைகளையும் வெந்நீரில் துவைத்திடுக. மாடு வைத்திருப்போர் கால்நடை மருத்துவரைக் கேட்டு உண்ணி மருந்து இடுக.

யாவற்றினும் முதன்மையானது ஒன்று. இறந்த குரங்கைக் கண்டால் தொடாதீர்கள், மறைக்கவும் மறைக்காதீர்கள். விசாரணை வருமோ, வீண்பழி சேருமோ என்று அஞ்சி வாய் மூடியிருப்பாரும் உளர். அந்த மௌனம் பிறர் உயிரைக் குடிக்கும். சுகாதார நிலையத்திற்கோ வனத்துறைக்கோ உடனே சொன்னால், அவ்விடத்தைச் சுற்றிப் பூச்சிமருந்து தூவி, ஊராரை எச்சரிக்கலாம். குரங்கு நம் பகைவன் அன்று. நமக்கு முன்னே மாண்டு நம்மை எச்சரிக்கும் காவலன். குரங்கை அடித்து விரட்டுவது அறியாமை.

இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதாக அறியப்படவில்லை. குரங்கம்மை என்பது வேறு நோய். இரண்டையும் குழப்பி, காய்ச்சல் கண்ட வீட்டை ஒதுக்கிவைப்பது கொடுமை. காட்டு ஓரத்துச் சிற்றூர்களிலிருந்து நம் இல்லங்களுக்கு வேலைக்கு வருவோரும், பால் கொணர்வோரும், காய்கறி விற்போரும் இருக்கின்றனர். அவர்கள் காய்ச்சல் என்று சொன்னால், “நாளைக்கு வந்துவிடு” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். “உங்கள் ஊரில் குரங்கு செத்ததா? காட்டிற்குப் போயிருந்தாயா?” என்று கேளுங்கள். வரவில்லையெனக் கூலியைக் குறைக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள். நமக்கு அதனால் ஆகும் செலவு சிறிது. அவர்களுக்கோ அது உயிர்.

வந்த மண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றி விழாக்களோடு நின்றுவிடலாகாது. நம் சங்கத்து இளைஞர்கள் ஆண்டுதோறும் டிசம்பர் பிறக்கும் முன்னரே, கன்னடம் நன்கறிந்த நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, அருகிலுள்ள சிற்றூர்களுக்குச் சென்று இச்செய்திகளை எடுத்துரைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.