டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளின் பற்பாதுகாப்பு



பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்து அமைந்துள்ளது ஜீவனஹள்ளி. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பழைய கண்டோன்மென்ட் வட்டாரத்தை ஒட்டிய பகுதி அது. அத்தகைய குடியிருப்பு ஒன்றில், டவுன் நோய்க்குறியுடன் பிறந்த குழந்தையை வளர்க்கும் தாய் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இதயப் பரிசோதனை, தைராய்டுப் பரிசோதனை, செவிப் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி என அவருடைய நாட்கள் கழிகின்றன. முதற் பிறந்த நாள் கடந்தும் பல் முளைக்காவிடில் அஞ்சுகின்றார்; முளைத்த பின்னர் மறந்துவிடுகின்றார். இந்த மறதிக்குக் குழந்தை கொடுக்கும் விலை பெரிது.

வாயின் அமைப்பு

இந்நிலைக்குக் காரணம் 21ஆம் குரோமோசோம் மிகையாக அமைவதே என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1959இல் வெளியிட்டனர். உலகில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளில் ஒன்று இவ்வாறு அமைகின்றது. இக்குழந்தைகளுக்குப் பற்கள் காலந்தாழ்ந்தே முளைக்கும்; சிலருக்கு முதற்பல் தோன்ற இரண்டு வயதும் ஆகலாம். முளைக்கும் வரிசை மாறலாம். சில பற்கள் பிறவியிலேயே இல்லாமற் போகலாம். இவற்றுக்காகக் கலங்க வேண்டியதில்லை.

கவலைக்குரியது ஈறு. சொத்தைப் பல் இவர்களுக்குப் பிற குழந்தைகளைவிட மிகுதியாக வருவதில்லை. ஆனால் நோய் எதிர்ப்பாற்றல் குறைவாதலின் ஈறு நோய் இளமையிலேயே தோன்றி விரைந்து பரவுகின்றது. வாயால் மூச்சு விடுவதால் வாய் உலர்ந்து, அழுக்குப் படிவது எளிதாகின்றது. ஈறு நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலித்தாலும் பேச்சு தாமதமான குழந்தையால் அதனைச் சொல்ல இயலுவதில்லை. பற்கள் ஆடி விழுந்தால் மெல்லுதலும் உச்சரிப்பும் குன்றும். பேச்சுப் பயிற்சியில் தாய் பாடுபட்டுத் தேடிய பயனும் அதனோடு குறையும்.

வீட்டிலும் மருத்துவரிடமும்

பல் முளைக்கு முன்பே தூய ஈரத்துணியால் ஈறுகளைத் துடைத்துப் பழக்க வேண்டும். முதற்பல் தோன்றியதும் மென்மையான சிறு தூரிகையும், அரிசிமணி அளவு ஃபுளோரைடு பற்பசையும் போதும். மூன்று வயதுக்குப் பின் பட்டாணி அளவு கொள்ளலாம். குழந்தையை மடியில் சாய்த்துத் தலையைத் தாங்கிக்கொண்டு, நாள்தோறும் இருமுறை துலக்க வேண்டும். இனிப்பான மருந்துநீர் கொடுத்த பின் தண்ணீர் கொடுப்பது நலம். பால் புட்டியுடன் உறங்கவிடுதல் கூடாது.

முதற் பிறந்த நாளுக்குள் பல் மருத்துவரைக் காண்பது நன்று. முதல் நாளில் நாற்காலியில் அமர்ந்து பழகினாலே போதும். ஒவ்வொன்றையும் முதலில் சொல்லி, பின் காட்டி, அதன் பின்னரே செய்தால் குழந்தை அஞ்சாது. இரண்டு செய்திகளை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும். இவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறை உண்டு. சில வகைக் குறைகளில், ஈறில் குருதி கசியும் சிகிச்சைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும். கழுத்தெலும்பு இணைப்பும் சிலருக்குத் தளர்ந்திருக்கும். ஆதலின் தலையை வலிந்து பின்னுக்கு வளைத்தல் ஆகாது.

அரசின் ஏற்பாடுகள்

2013இல் தொடங்கப்பெற்ற ராஷ்டிரிய பால சுவாஸ்திய காரியகிரம் என்னும் சிறுவர் நலத் திட்டம், கண்டறிய வேண்டிய 30 நிலைகளை வகுத்துள்ளது. டவுன் நோய்க்குறியும் பற்சொத்தையும் ஆகிய இரண்டும் அப்பட்டியலில் உள்ளன. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும் என்பது விதி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, சிகிச்சையில் இவர்களுக்கு முன்னுரிமை வழங்குகின்றது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவுகின்றது.

திட்டங்கள் உள்ளன, அவற்றை ஒரே குழந்தையிடத்தில் இணைப்பதே எஞ்சியுள்ள பணி. டவுன் நோய்க்குறி எனப் பதிவேட்டில் எழுதும் அலுவலர், அக்குழந்தையின் உதட்டை உயர்த்தி ஈறையும் பார்த்துவிட்டு எழுதுவாராயின், ஜீவனஹள்ளித் தாயின் பாதிச் சுமை குறையும். அதற்குப் புதிய செலவு ஏதும் இல்லை; சற்று நேரமே வேண்டும்.