இளங்குழவியரும் கொழுப்பு நீக்கிய உணவும்
(ஆரணியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்திங்கள் யாம் பேசுதற்கெனச் சங்கத்தார் வகுத்தளித்த பொருள், கொழுப்புக் குறைந்த ஆகாரம் இளங்குழவியர்க்கு ஏற்குமா என்பது. தமிழ் கற்பிப்பார்க்கு இப்பொருளில் என்ன உரிமை என்று ஒருசிலர் நகைக்கக்கூடும். யாம் வைத்தியரல்லோம். ஆயினும் வைத்திய நூலார் ஐயமறத் தெளிந்து எழுதியவற்றைப் படித்து, நம்மவர்க்கு விளங்கும் சொல்லில் எடுத்துரைத்தல் ஆசிரியத் தொழிலின் பாற்பட்டதே. அன்றியும், முதல் வகுப்பிற் சேரும் சிறுவரை ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்கள் எம்மிடம் வருமுன் ஐந்தாண்டுகள் அடுக்களையிலேயே கழிந்துவிடுகின்றன. அவ்வைந்தாண்டுகளில் இட்டதையும் இடாததையும் பின்னர்ப் பள்ளியால் ஈடுசெய்தல் அரிது.

நம் ஊர் நிலையை முதற்கண் நோக்குவோம். தறிக்குழியிற் கால் வைத்துக் காலை முதல் அந்திவரை ஓரிடத்தமர்ந்து நெய்வோர் நாம். கையும் காலும் ஓயாது இயங்கினும் உடம்பு நடப்பதில்லை. நாற்பது கடந்தாருள் நீரிழிவோ, இரத்தக் கொதிப்போ, நெஞ்சுநோயோ உடையார் பலர். அவர்கட்கு வைத்தியர், கொழுப்பைக் குறைக்குமாறும் ஆடை நீக்கிய பாலே அருந்துமாறும் கூறுகின்றார். தக்க அறிவுரையே. ஆனால் வீட்டில் அடுப்பு ஒன்று; பாற்பாத்திரம் ஒன்று. பாட்டனாருக்கென வாங்கிய பாலே பேரனுக்கும் ஆகின்றது. பெரியவர்க்கு ஆகாதென நெய்ச்செம்பு பரணேறினால், பிள்ளையின் பருப்புச் சோற்றுக்கும் நெய் இல்லாமற் போகின்றது. அறுபது வயதினர்க்கு எழுதிய சீட்டு ஒன்றரை வயதுக் குழவியின் மேலும் செல்லுபடியாகிறது! இதில் எவர் குற்றமும் இல்லை. எல்லாம் நன்மை கருதியே நிகழ்வது. அதனாலேயே இதனைப் பேசவேண்டியிருக்கிறது.

கொழுப்பு என்னும் சொல்லே நம் வழக்கில் இழிவுபட்டுவிட்டது. செருக்குடையானைக் கொழுப்பெடுத்தவன் என்கிறோம். முன்னோர் சொல்லோ நெய் என்பது. எள்ளின் நெய் எண்ணெயாயிற்று. வெள்ளிய நெய் வெண்ணெயாயிற்று. பாலின் மேற்படர்வதை ஆடை என்றும், அப்பாலைக் குழவிக்குப் புகட்டும் சிறு கலத்தைப் பாலாடை என்றும் கூறினர். ஆடை நெய்து வாழும் நாம் பிள்ளையின் பாலாடையில் ஆடையில்லாப் பாலை வார்ப்பது பொருந்துமா என்று வேடிக்கையாகக் கேட்கலாம். சொல்லாராய்ச்சி நிற்க, உடல்நூல் கூறுவதைக் காண்போம்.

தாய்ப்பாலில் உள்ள ஆற்றலிற் பாதியளவு கொழுப்பினின்றே வருகின்றது. இயற்கை குழவிக்கு வகுத்த முதல் உணவே அத்தன்மையது. மாவுப்பொருள் ஒரு கிராம் 4 கலோரி தரும், புரதமும் அவ்வளவே, கொழுப்போ 9 கலோரி தரும். குழவியின் இரைப்பை மிகச் சிறியது. பெரியவர்போல் வயிறு கொள்ள உண்டு சரிக்கட்ட அதனால் இயலாது. சிறு கவளத்தில் மிகுந்த ஆற்றல் அடங்கவேண்டுமாயின் அதிற் சிறிது நெய்யோ எண்ணெயோ இருந்தே தீரவேண்டும். நீர்த்த கஞ்சியை ஒரு கிண்ணம் குடித்த பிள்ளை வயிறு நிறைந்து உறங்கும், உடம்போ பசித்திருக்கும். மேலும், பிறந்த குழவியின் மூளை இரண்டாண்டு நிரம்பும்பொழுது வளர்ந்தவர் மூளையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகின்றது. அம்மூளையின் நீர் நீக்கிய எடையிற் பாதிக்கு மேற்பட்டது கொழுப்பு. வைட்டமின் ஏ, டி, ஈ, கே என்னும் நான்கும் கொழுப்பிற் கரைவன. கீரையும் காரட்டும் எத்துணை ஊட்டினும், உடன் எண்ணெய்ப் பசை இல்லையேல் அவற்றின் பயன் உடம்பிற் சேர்வது குறையும்.

இதற்கு ஐரோப்பிய நாடொன்று கண்கூடான சான்றாய் நிற்கின்றது. டென்மார்க்கு தேசம் பாலுக்கும் வெண்ணெய்க்கும் பேர்போனது. முதல் உலகப்போர்க் காலத்தில் அத்தேசத்தார் வெண்ணெயை அயல்நாடுகட்கு நல்ல விலைக்கு விற்றனர். வெண்ணெயெடுத்த பாலும், தாவர எண்ணெயினின்று ஆக்கிய மார்கரீனுமே ஏழை வீட்டுப் பிள்ளைகட்கு எஞ்சின. கார்ல் பிளாக் என்னும் குழந்தை வைத்தியரிடம் கண் வறண்டு, கருவிழி குழைந்து, பார்வையிழக்கும் பிள்ளைகள் வரத்தொடங்கினர். ஆராய்ந்தபோது, முழுப்பால் பெற்ற பிள்ளைகட்கு அந்நோய் இல்லை என்பது புலனாயிற்று. முழுப்பாலும் மீனெண்ணெயும் கொடுத்து அவர் நோய் நீக்கினார். 1917 இன் இறுதியில் வெண்ணெய் ஏற்றுமதி தடைப்பட்டு, பங்கீட்டு முறையில் எளியார்க்கும் வெண்ணெய் கிடைத்தது. அடுத்த ஆண்டே கண்நோய் அருகிற்று. பால் பெருகிய நாட்டிலே பாலின் ஒரு கூறு இல்லாமையாற் பிள்ளைகள் கண்ணிழந்தமை நாம் மறக்கற்பாலதன்று. நம் தேசத்திலும் மாலைக்கண் பெருவழக்காய் இருந்தமையால், 1970 முதல் சிறு குழந்தைகட்கு வைட்டமின் ஏ திரவம் அரசினரால் அளிக்கப்பட்டு வருகின்றது.

எதிர்வழக்கையும் மறைத்தல் முறையன்று. நம் நீலகிரிக் குன்னூரில் 1918 இல் மக்காரிசன் துரை தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. குன்னூரில் அதன் தலைவராயிருந்த அய்க்ராய்டும், உடனுழைத்த கிருஷ்ணனும் 1937 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அரிசியே பெரும்பாலும் உண்ட பிள்ளைகட்கு வெண்ணெயெடுத்த பாலைக் கூடுதலாகக் கொடுத்தபோது, அவர்கள் உயரத்தாலும் எடையாலும் நன்கு வளர்ந்தமை காட்டப்பெற்றது. அவ்வாறாயின் வெண்ணெயெடுத்த பால் நன்றன்றோ எனின், நன்றே. இல்லாமைக்கு அது நன்று. வெறுஞ் சோற்றின்மேற் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வந்து சேர்ந்தன. முழுப்பாலுக்கு மாற்றாக அதனை வைத்தல் வேறு. ஒன்றுமில்லாவிடத்து அதனைச் சேர்த்தல் வேறு.

மற்றொன்று பின்லாந்து தேசத்துத் தூர்க்கு நகரத்தில் 1990 இல் தொடங்கிய நெடிய ஆராய்ச்சி. ஆயிரத்துக்கு மேற்பட்ட குழவியருட் பாதிப்பேர் வீட்டார்க்கு, ஏழாம் மாதம் முதலே விலங்குக் கொழுப்பைக் குறைக்க அறிவுரை கூறினர். அப்பிள்ளைகளின் வளர்ச்சியிலோ அறிவிலோ குறை நேரவில்லை. இதனைக் காட்டி, கொழுப்பு வேண்டா என்பாரும் உளர். அவர்கள் ஒன்றை நோக்கவில்லை. ஓராண்டுக்குப்பின் ஆடை நீக்கிய பால் பெற்ற அப்பிள்ளைகட்கு, இரண்டு வயதுவரை நாள்தோறும் தேக்கரண்டிக் கணக்கில் தாவர எண்ணெய் உணவிற் சேர்க்கப்பட்டது. கொழுப்பின் வகையை மாற்றினரேயன்றிக் கொழுப்பை நீக்கினரல்லர். அதுவும் வைத்தியரின் மேற்பார்வையில். நம் வீடுகளில் நீக்கல் மட்டும் நிகழ்கின்றது.

இனி நம் வாயிலுக்கு வரும் பாற்பையைக் காண்போம். ஆவினின் நீலப்பை சமன்படுத்திய பால்; நூற்றுக்கு 3 பங்கு கொழுப்பு. பச்சைப்பை நிலைப்படுத்திய பால், 4.5 பங்கு. ஆரஞ்சுப்பை நிறைகொழுப்புப் பால், 6 பங்கு. இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5 பங்கே. சமன்படுத்தல் என்பது அழகிய பெயர்தான். ஆனால் அது பிறந்தது உடல்நலம் கருதியன்று. 1946 இல் பம்பாயில் தாரா குரோடி என்பவர், எருமைப்பாலில் வெண்ணெயெடுத்த பாற்பொடியும் நீரும் கலந்து அளவைப் பெருக்கி, பற்றாக்குறைக்கு ஈடுசெய்ய வகுத்த முறை அது.

ஓராண்டு நிரம்பிய பிள்ளை நாளொன்றுக்கு 400 மில்லி பால் அருந்துவதாகக் கொள்வோம். நிறைகொழுப்புப் பாலில் 24 கிராம் கொழுப்பு கிடைக்கும். இருமுறை சமன்படுத்தியதில் 6 கிராம். 18 கிராம் வேறுபாடு. ஏறக்குறைய 160 கலோரி. அப்பிள்ளையின் ஒருநாள் தேவை 1000 கலோரி அளவே. ஆறிலொரு பங்கு பையின் நிறம் மாறியதால் மறைந்துவிடுகின்றது! இதற்குமேல், பால் கெட்டியாயிருந்தால் செரியாது என்று பாதிக்குப் பாதி நீர் கலக்கும் வழக்கம் நம் தெருக்களில் உண்டு. எமது கருத்தில், பையின் நிறத்தினும் இந்நீரே பெரும்பகை. நீலப்பையின் 3 பங்கு மேல்நாட்டார் முழுப்பால் என்று விற்பதனினும் சிறிதே குறைந்தது; நீர் கலவாது கொடுத்தால் அதுவும் அமையும்.

வயது வரையறையில் நூலார் பெரும்பாலும் ஒத்த கருத்தினர். ஆறு திங்கள்வரை தாய்ப்பால் ஒன்றே. பின்னர் இரண்டாண்டு வரையும் அதற்கப்பாலும் தாய்ப்பாலோடு பிற உணவு. ஓராண்டு நிரம்புமுன் பசும்பாலைப் பருகும் பாலாக வைத்தல் ஆகாது. இரண்டாண்டு நிரம்பும்வரை கொழுப்பைக் குறைத்தல் கூடாது. இரண்டின்பின், நன்கு உண்டு வளரும் பிள்ளைக்குச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். முற்றும் வெண்ணெயெடுத்த பாலை ஐந்துவரை முதன்மைப் பானமாக்குதல் தகாதென இங்கிலாந்து தேசத்தார் விதித்துள்ளனர். விதிவிலக்கு உண்டு. குடும்பத்தில் இளவயதிலேயே நெஞ்சடைப்பு நேர்ந்திருப்பினும், பிள்ளை அளவிறந்து பருத்திருப்பினும், குழந்தை வைத்தியர் பார்த்துக் கூறுவதே முடிபு.

கொழுப்பு வேண்டும் என்று யாம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கடையிற் பொரித்து உறையிலடைத்த நொறுக்குத் தீனியைப் பிள்ளை கையில் திணிப்போரும் இருப்பர். அது யாம் கூறியதன்று. வனஸ்பதி முதலியவற்றின் கேடான கொழுப்பு நூற்றுக்கு 2 பங்கைக் கடவாதிருக்க 2022 முதல் அரசினர் வரம்பிட்டதே அதன் தீமையைக் காட்டும். கொழுப்புக் குறைந்தது என்று அச்சிட்ட ரொட்டிகளிலும் சர்க்கரை மிகுந்திருத்தல் உண்டு; உறையின் முன்பக்க எழுத்தினும் பின்பக்கத்துச் சிற்றெழுத்தே படிக்கத்தக்கது. தேநீரில் ரொட்டி தோய்த்துக் கொடுத்துவிட்டுத் தறிக்குத் திரும்பும் தாய்மார்களின் நெருக்கடி யாம் அறியாததன்று. எனினும் அத்தேநீரிற் பிள்ளைக்குப் பயன் ஒன்றுமில்லை. சோற்றிலுள்ள இரும்புச் சத்தையும் அது தடுக்கும்.

செலவுக்கு அஞ்சுவார்க்கு ஒரு சொல். பட்டு விலை ஏறியிறங்க, கூலி நிலையில்லாத வீடுகளில், நிறைகொழுப்புப் பால் வாங்குக என்று மேடையிலிருந்து கூறுதல் எளிது. யாம் அவ்வாறு கூறோம். பெரியவர்க்கு வாங்கும் நீலப்பையே இருக்கட்டும். பிள்ளையின் பங்கை நீர் சேர்க்குமுன் தனியே ஊற்றி வையுங்கள். மசித்த பருப்புச் சோற்றிலோ கேழ்வரகுக் களியிலோ வேளைக்கு ஒரு தேக்கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய் சேருங்கள். 5 கிராம், 45 கலோரி, சில காசுகள். வேர்க்கடலையை வறுத்து நன்றாக அரைத்துக் குழைத்து ஊட்டலாம். முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், சிறுபிள்ளை கையில் தரவேண்டா. முட்டை உண்ணும் வீடுகளில் மஞ்சட்கருவை விலக்காதீர்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவைப் பெரியோர் காலைக் கஞ்சியிற் கலவாமற் பிள்ளைக்கே வையுங்கள். அங்குள்ள தராசில் திங்கள்தோறும் நிறுத்து, அட்டையிற் குறித்துவரச் செய்யுங்கள். இரண்டு திங்கள் தொடர்ந்து எடை ஏறாவிடின், மூன்றாம் திங்களுக்குக் காத்திராமல் அரசினர் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.