பேரீச்சம்பழம் வாங்கும் முன்



பழைய இரும்பைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற கதையை, ஊரிலிருந்து வந்த நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாம் போடுவது இரும்பல்ல. விடியுமுன் எழுந்து மரம் சீவிச் சேர்த்த வெள்ளி. ஆகையால் இதைச் சங்கக் கூட்டத்தில் பேசுவது வீண் பேச்சாகாது.

பெண்ணுக்கு இரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னால், வீட்டார் பேரீச்சம்பழத்தைத் தேடுகிறார்கள்; மாத்திரை அலமாரியில் தூங்குகிறது. கணக்கு எழுதுகிற கிராணி சொல்கிறேன், கேளுங்கள். 100 கிராம் பழத்தில் இரும்புச்சத்து சுமார் 1 மில்லிகிராம்தான். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் அளவுக்கு வேண்டும். அந்த 100 கிராமில் சர்க்கரையோ 60 கிராமுக்கு மேல்! நீரிழிவுக்காரர் இதை மறக்கலாகாது. பழம் நல்ல உணவு, மருந்தல்ல. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

லீவு நாளில் ஜோகூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூர் தேக்காவுக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. சிராங்கூன் சாலைக் கடைகளிலும், முஸ்தபாவிலும், நோன்பு மாதத்தில் கேலாங் சிராயிலும் மதீனத்து அஜ்வா, துனிசியாவின் டெக்லட் நூர், ஈரானின் கரிய மசாஃபதி என்று பலவகை கிடைக்கும். விலை ஏறுவதால் சத்து ஏறிவிடாது. சமையலுக்கு மலிவான பழமே போதும்.

சென்ற வருடம் நானே ஏமாந்தேன். ஒரு கடையில் மினுமினுத்த பழத்தை இரண்டு கிலோ வாங்கி, டின்னில் போட்டு அடுப்பங்கரையில் வைத்தேன். சில நாளில் புளித்துக் கள் வாடை! கள்ளுக்கு எதிராக மேடையில் முழங்குகிறவன் வீட்டில்! பாலில் தண்ணீர் கலந்திருந்தால் மெட்ரோலாக்கைப் போட்டுப் பிடிக்கிறவனுக்கு, பழத்தின்மேல் பூசிய பாகு தெரியவில்லை. பெட்டியில் சிறிய எழுத்தில் குளுக்கோஸ் பாகு என்று போட்டிருந்ததைப் பிறகுதான் படித்தேன்.

தோல் சுருங்கியிருக்கலாம்; பிளந்து ஒழுகக் கூடாது. அமுக்கினால் சற்று நெகிழவேண்டும். மேலே வெள்ளையாகப் படிந்திருந்தால் பயப்படாதீர்கள். வெந்நீரில் கரைந்தால் அது பழத்தின் சர்க்கரையே. பஞ்சுபோல் இருந்தால் பூஞ்சணம், எறியுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் பிளந்து பாருங்கள், உள்ளே புழு இருக்கக்கூடும்.

நம் நாட்டுப் புழுக்கத்துக்குக் காற்றுப் புகாத போத்தலும் ஐஸ்பெட்டியும் வேண்டும். மசாஃபதிக்குக் கட்டாயம் வேண்டும். பக்கத்தில் கருவாடு ஆகாது, வாடை ஏறிவிடும்.

பச்சடிக்கு, கொட்டை நீக்கிய பழத்தைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிசைந்து, புளிக்கரைசல், உப்பு, மிளகாய்த்தூள், துருவிய இஞ்சி சேர்த்துக் கெட்டியாகும்வரை கொதிக்க விடுங்கள். தீபாவளிப் பிரியாணிக்கு அருமையாக இருக்கும். பாயசமென்றால், அரைத்த பழத்தை வேகவைத்து இறக்கியபின் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துபோகும். வெல்லம் பாதி போதும்.