கடலைச் செடியும் கண்காணாத் துகளும்

திருப்பதிக்குச் செல்லும் நம்மவருள் பெரும்பாலோர் வேங்கடவனைத் தொழுது, லட்டுப் பிரசாதத்துடன் திரும்பிவிடுகின்றனர். அந்நகரிலேயே ஆச்சாரிய என். ஜி. ரங்கா வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருப்பதை அறிந்தவர் சிலரே. அங்கே நிகழ்ந்த பரிசோதனையொன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

சித்தூர்ச் சீமையின் செம்மண் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஆடியில் விதைத்த நிலக்கடலை, பூக்கும் தறுவாயில் மழை பொய்த்தால் வாடிவிடும். வடார்க்காட்டார் மல்லாட்டை என்றும் தெலுங்கர் வேருசெனக என்றும் வழங்கும் அப்பயிரை நம்பியே எத்தனையோ குடும்பங்கள் கடன் வாங்குகின்றன.

அதற்குச் சிறிதளவே வேண்டப்படும், ஆயினும் இன்றியமையாத சத்து துத்தநாகம். வறட்சியின்போது இலையில் பெருகும் நச்சு ஆக்ஸிஜனை முறிக்கும் நொதியொன்றில் அது அங்கம். ஆனால் மண்ணில் இட்ட துத்தநாகத்தில் பெரும்பகுதி மண்ணோடு பிணைந்து, வேருக்கு எட்டாமற்போகிறது.

திருப்பதி விஞ்ஞானி பிரசாத் முதலானோர், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப்புடன் சேர்ந்து, துத்தநாக ஆக்ஸைடின் 25 நானோமீட்டர்த் துகள்களைக் கடலையில் சோதித்தனர். ('நானோ'வுக்குத் தமிழ்ச்சொல் தேடி நாம் ஒரு வாரம் அல்லற்பட்டதுண்டு, 'நுண்' என்பது மைக்ரோவுக்கே செலவாகிவிட்டது!) ஒரு தலைமயிரின் குறுக்கே அத்துகள்கள் ஏறத்தாழ 3000 வரிசையாய் நிற்கும்.

பத்து லட்சத்துக்கு 1000 பங்கு என்னும் அளவில் நேர்த்தி செய்த விதைகள் நன்கு முளைத்தன. வேரும் தண்டும் செழித்தன. செடிகள் முன்னதாகவே பூத்தன. 2008-09, 2009-10 ராபிப் பருவங்களில் வயலில் இலைமீது தெளித்தபோது, வழக்கமான துத்தநாக உரத்தின் அளவில் 15-இல் ஒரு பங்கே இட்டனர். அவ்வுரம் இட்ட வயலினும் காய் மகசூல் முறையே 29.5, 26.3 சதவிகிதம் கூடிற்று. முடிவுகள் 2012-இல் வெளியாயின.

அவை வறட்சியை முன்வைத்து நடத்திய பரிசோதனைகள் அல்ல என்பதை மறைக்கலாகாது. ஆயினும், விரைந்து வேரூன்றிய செடி மழையற்ற நாட்களைச் சற்றே தாங்கும் என்பது உழவர் அறிந்ததே.

நம் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. 1000 பங்கை 2000 ஆக்கியதும் அதே துகள் வளர்ச்சியைத் தடுத்தது! இஃப்கோ நிறுவனம் 2021-இல் நானோ யூரியாவைக் கொணர்ந்தது முதல் உரக்கடைதோறும் இச்சொல் ஒலிக்கிறது. ஊரிலுள்ள தம்பியோ மைத்துனரோ இதுபற்றித் தொலைபேசியில் வினவினால், புட்டியின் பெயரைக் கேட்குமுன், ஒரு டாங்கு நீருக்கு எத்தனை மில்லி என்று அதில் அச்சிட்டிருக்கிறதா எனக் கேளுங்கள். எதற்கும் இருக்கட்டுமென்று இன்னொரு மூடி ஊற்றும் நம் வழக்கம் இங்கே உதவாது.