கைகண்ட அறிவும் கணினியும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மனிதரின் கைகண்ட அறிவைத் திரட்டிக் கணினியில் வைக்கும் முயற்சியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். இன்னும் மாணவனாகவே இருக்கும் எனக்கு, இச்சபையிலுள்ள முதியோருக்கு எதையும் கற்பிக்கும் தகுதி இல்லை. நான் கூறவிருப்பது, அவர்களிடம் நாம் கேட்டறிய வேண்டியதைப் பற்றியே.

பேசப் புகுமுன் பொருளை வரையறுத்துக்கொள் என்பார், மிஷன் பாடசாலையில் எனக்கு விவாதம் பயிற்றிய ஆசிரியர். ஆதலின் வரையறையோடு தொடங்குகிறேன். ஒரு துறையில் நெடுங்காலம் பழகியவரின் அறிவை, "இன்னின்னவாறு இருந்தால் இன்னது செய்க" என்னும் விதிகளாக எழுதிக் கணினிக்குக் கொடுக்கிறார்கள். கணினி நம்மிடம் கேள்விகள் கேட்டு, அவ்விதிகளின்படி ஆலோசனை கூறும். ஏன் அவ்வாறு கூறினாய் என்று கேட்டால் காரணமும் சொல்லும். இதுவே நிபுணத்துவ முறைமை.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1965 ஆம் ஆண்டில் எட்வர்ட் பைகன்பாம் முதலியோர், இரசாயன அறிஞரின் அறிவைக் கொண்டு இத்தகைய முதல் முயற்சியைத் தொடங்கினர். 1970 களில் அங்கேயே மைசின் என்னும் முறைமை எழுந்தது. இரத்தத்திலும் மூளையுறையிலும் பற்றும் கிருமி நோய்களுக்கு எம்மருந்து தகும் என்று சொல்ல, அதனிடம் ஏறத்தாழ 600 விதிகள் இருந்தன. மூளையுறை நோயாளர் பத்துப் பேருக்கு மைசின் கூறிய சிகிச்சையையும் வைத்தியர்கள் கூறிய சிகிச்சையையும், இன்னார் கூறியதென்று தெரிவியாமல் வெளி நிபுணர்களிடம் கொடுத்து மதிப்பிட்டனர். 1979 இல் வெளியான அம்முடிவின்படி மைசின் 65 விழுக்காடு பெற்றது. அப்பல்கலைக்கழகத்து நிபுணர் எவரும் 62.5 விழுக்காட்டைத் தாண்டவில்லை. எனினும் மைசின் வைத்தியசாலைகளில் நாளாந்தப் பயன்பாட்டுக்கு வரவேயில்லை.

பைகன்பாமுக்கு 1994 ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. அவ்விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர், சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் 1958 இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி என்பதை நம் இளைஞர் மனத்திற் கொள்வார்களாக.

இனி, இம்முயற்சியின் கடினம் எங்கே இருக்கிறது? கணினியில் இல்லை, கேட்டறிவதில் இருக்கிறது. முழு வேலையும் சிக்கி நிற்கும் குறுகிய வாயில் அதுவே என்று பைகன்பாமே கண்டார். இதனை நான் நூலில் வாசித்தேன். என் பாட்டனாரிடந்தான் விளங்கிக்கொண்டேன்.

அவர் கண்டிக்கு அருகேயுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். கொழுந்தை வாட்டி, உருட்டிச் சலித்தெடுப்பதைத் தூள் என்பார்கள். ஆங்கிலத் தேயிலை நூல்களிலும் அச்சொல்லே வழங்குகிறது. தூளைப் பரப்பி வைத்தால் பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் ஏறும். சரியான தறுவாயில் அதனை அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தேநீரில் பச்சை வாடை வீசும். பிந்தினால் சுவை செத்துவிடும். அத்தறுவாயைச் சொல்வதே பாட்டனாரின் வேலை.

பல்கலைக்கழகப் பயிற்சிக்காக ஒரு மாலை கொப்பியோடு அவர்முன் அமர்ந்து, "தாத்தா, தூள் பதமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் மூக்குக்குத் தெரியும் தம்பி. கேட்டா சொல்ல வராது" என்றார். அன்று கொப்பியில் ஒரு விதிகூட ஏறவில்லை.

மறுவாரம் அனுமதி பெற்று அவரைத் தொழிற்சாலைக்கே அழைத்துச் சென்றேன். எப்படித் தெரியும் என்று கேட்பதை விட்டேன். இரண்டு இடத்துத் தூளைக் காட்டி, எது முந்தும் என்று கேட்டேன். உடனே ஒன்றைத் தொட்டார். ஏன் மற்றது பிந்தும் என்றேன். "இது மெல்லிசா பரப்பியிருக்கு, சூடு ஏறல" என்றார். பின்பு, அவர் தவறிய நாளைக் கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், மின்சாரம் நின்ற ஒரு நாள் தூள் குவிந்து சூடேறி, ஒரு நாளைய உழைப்பே கெட்ட கதையைச் சொன்னார். அன்று முதல் அவர் மணத்தை மட்டும் நம்பாமல், புறங்கையைத் தூளில் வைத்துப் பார்ப்பாராம். எப்படிச் செய்வீர் என்று கேட்டபோது வராத விதி, எப்போது தவறினீர் என்று கேட்டபோது வந்தது! மாலையாகுமுன் கொப்பியில் 19 விதிகள் சேர்ந்தன.

வீடு திரும்புகையில் அவர் என்னைக் கேட்டார்: "எல்லாத்தையும் எழுதி அந்தப் பெட்டிக்குள்ள வச்சிட்டா, அப்புறம் என்னைப் போல ஒருத்தன் எதுக்கு?"

அவருக்கு நான் விடை கூறவில்லை. அன்பர்களே, அவ்வினா வெறும் முதுமையின் அச்சமன்று. 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரை எல்லோரும் அறிவர். அவருடைய பங்களாத் தாழ்வாரத்தில் மேசைமேல் கொழுந்தைக் கையால் உருட்டியவர்களின் பெயரை எவர் அறிவார்? ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்குச் சென்றால் பழைய இயந்திரங்களைக் காணலாம். அவற்றை இயக்கியவர்களின் அறிவைக் காண முடியாது. அன்று உழைப்பை எடுத்துப் பெயரை விட்டார்கள். இன்று அறிவையும் எடுத்துப் பெயரை விடுவோமானால், கற்றவர்களாகிய நாமே அக்குற்றத்திற்கு ஆளாவோம்.

வேறுவிதமாகவும் நடந்ததுண்டு. அமெரிக்காவின் கேம்பெல் சூப் நிறுவனத்தில், சூப்புத் தகரங்களை வேகவைக்கும் பெரிய இயந்திரங்களின் கோளாறுகளை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டறிந்து வந்தவர் ஆல்டோ சிமினோ. அவர் ஓய்வுபெறும் காலம் நெருங்கவே, 1980 களில் அவருடைய அறிவை விதிகளாக்கினர். அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர், தொழிற்சாலை மனிதர். எனினும் அவர் பெயர் இன்றும் பாடநூல்களில் நிற்கிறது.

இக்காலத்துக் கணினிகள் விதிகள் இன்றியே, ஆயிரமாயிரம் உதாரணங்களிலிருந்து தாமாகக் கற்கின்றனவே, இனி முதியவரைக் கேட்பானேன் என்று சிலர் வினவலாம். இது நல்ல தூள், இது கெட்ட தூள் என்று அவ்வுதாரணங்களைப் பிரித்துக் கொடுக்க ஒரு மூக்கு வேண்டுமே! அன்றியும், அக்கணினிகள் விடையைச் சொன்னாலும், மின்சாரம் நின்ற அந்த நாளின் பாடத்தைச் சொல்ல மாட்டா.

ஆதலின் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. இவ்வாண்டில் ஒவ்வொருவரும் ஒரு கொப்பியோடு ஒரு முதியவரிடம் செல்வோம். நாட்டு வைத்தியர், மரக்கறித் தோட்டக்காரர், பிலிமத்தலாவையில் பித்தளை வார்க்கும் சிங்கள அன்பர், நம் வீட்டுப் பாட்டி ஆகிய எவராயினும் சரி. அவர் வேலை செய்யும் இடத்தில் அருகே நின்று கேட்போம். அவர் இசைந்ததை மட்டும் எழுதுவோம். முதற் பக்கத்தில் அவர் பெயரை எழுதுவோம். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டித் திருத்துவோம். அக்கொப்பி கணினிக்குப் போகுமுன், அத்தொழிலைப் பழகும் ஓர் இளைஞன் கைக்குப் போகட்டும்.

பெரியோர்களே, "சொல்ல வராது" என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கேட்கத் தெரியாதது எங்கள் குறையே, மறுபடியும் வருவோம்.

என் கொப்பியின் முதற் பக்கத்தில் பாட்டனார் தம் பெயரைத் தாமே எழுதினார். எழுதி முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. அதன்பின் இருபதாவது விதியைச் சொன்னார்.