அக்கா மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த கதை

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



தொழில் வாய்ப்புகளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். அதைப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நான் கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்ப்பவன். அதனால் வேறொன்று சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு வராத ஒரு பையனோடு ஆறு மாதம் உட்கார்ந்த கதை. பையன் என் அக்கா மகன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். "சொல்லுங்க மாமா, பேரை மட்டும் சொல்லிடாதீங்க" என்றான்.

2023 செப்டம்பர் காலாண்டுத் தேர்வில் அவனுக்குக் கணக்கில் 19 மார்க். அக்கா போன் செய்தாள். "ரெண்டு டியூஷன் மாத்தியாச்சு தம்பி. நீ இஞ்சினியர்தானே, கொஞ்சம் வந்து பாரேன்." மச்சான் லேத் பட்டறை வைத்திருக்கிறார். "படிப்பு வரலைன்னா பட்டறைக்கு வரட்டும், அதுல என்ன கேவலம்?" என்பது அவர் கட்சி. கேவலம் ஒன்றுமில்லைதான். ஆனால் அவனுக்கு அதை ஒரு தண்டனையாகச் சொல்லிவிட்டார்கள், அதுதான் தப்பு.

வேலை முடிந்து இரவு ஏழு மணிக்குப் போவேன். முதல் இரண்டு வாரம் நான் நடத்திய பாடத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. இருபடிச் சமன்பாடு எதற்கு என்று எறிந்த பந்திலிருந்து ஆரம்பித்து, பரவளையம், பாலம், டிஷ் ஆண்டெனா என்று ஒரே பிரசங்கம். பையன் தலையை ஆட்டுவான். ஒரு கணக்கைக் கொடுத்தால் பேனாவைக் கடிப்பான். "இதுகூடத் தெரியாதா?" என்று எத்தனை தடவை கேட்டேனோ! மூன்றாவது வாரம் சரியாக ஆறரை மணிக்கு அவனுக்கு வயிற்று வலி வர ஆரம்பித்தது. என் அம்மா, அதாவது அவனுடைய அம்மிச்சி, ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டே சொன்னார்: "வயித்துல ஒண்ணுமில்லடா. உன்னைப் பார்த்தாத்தான் வலிக்குது."

அன்று வீட்டுக்குத் திரும்பும்போதுதான் நம் விடுதி ஞாபகம் வந்தது. இங்கே பலருக்குத் தெரியாது, முதல் செமஸ்டரில் எனக்குக் கணிதத்தில் அரியர். பள்ளியில் நல்ல மார்க் வாங்கிவிட்டு வந்தவன், வீட்டில் சொல்லவில்லை. அப்போது மூன்றாம் ஆண்டில் இருந்த ஓர் அண்ணன் ஒரு மாதம் இரவு மெஸ் முடிந்ததும் என்னைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. "நீ போடு, நான் பார்க்கறேன்" என்பார். தப்பு வந்தால், "இந்த வரி எப்படி வந்துச்சு?" என்று மட்டும் கேட்பார். இதுகூடத் தெரியாதா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் இன்று இந்த அரங்கில்தான் இருக்கிறார். நான் பேரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார், அதனால் சொல்லவில்லை.

மறுநாள் நான் வாயைத் திறக்கவில்லை. வரைபடத் தாளைக் கொடுத்து, எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் மைனஸ் 12, இதை வரை என்று மட்டும் சொன்னேன். அட்டவணை போட்டான், புள்ளி வைத்தான். வலது பக்கம் கோடு அழகாகப் போகிறது. இடது பக்கம் புள்ளிகள் எங்கேயோ பறக்கின்றன. பம்ப் ஓடவில்லை என்றால் நாங்கள் மோட்டாரைப் பிரிக்க மாட்டோம். முதலில் டெஸ்ட் லாம்ப் வைத்துக் கரண்ட் எதுவரை வருகிறது என்று பார்ப்போம். இங்கே கரண்ட் பூஜ்யம் வரை வருகிறது, மைனஸ் பக்கம் போனால் இல்லை.

எக்ஸ் மைனஸ் 3 என்ற கட்டத்தைக் காட்டி, "இது எப்படிக் கண்ணு வந்துச்சு?" என்றேன். 9, மைனஸ் 3, மைனஸ் 12 என்று சரியாகத்தான் எழுதியிருந்தான். கூட்டினால் மைனஸ் 6 வர வேண்டும். அவன் 24 என்று போட்டிருக்கிறான். "மைனஸ் ரெண்டையும் முதல்ல சேர்த்துக்கிட்டேன் மாமா. மைனஸும் மைனஸும் பிளஸ் தானே? அப்ப 15. அதோட 9."

பெருக்கலுக்குச் சொன்ன விதியை அவன் கூட்டலுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறான்! மைனஸ் 3, மைனஸ் 5 கூட்டினால் அவனுக்கு 8. காரணிப்படுத்துவது, சாய்வு காண்பது, வரைபடம் எல்லாவற்றிலும் இந்த ஒரே ஓட்டை வழியாக மார்க் ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு டியூஷனிலும் பத்தாம் வகுப்புப் பாடத்தை மறுபடி மறுபடி நடத்தினார்கள். நானும் அதையேதான் செய்தேன். ஓட்டை இருந்தது ஏழாம் வகுப்பில்.

ஏழாம் வகுப்பு அவன் படித்தது எப்போது? 2020 ஜூனிலிருந்து 2021 வரை. பள்ளிக்கூடமே கிடையாது. கல்வித் தொலைக்காட்சி உண்டு, வீட்டிலிருந்த ஒரே போனும் பட்டறைக்குப் போய்விடும். 2021 நவம்பர் 1-இல் பள்ளி திறந்தபோது அவன் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். விட்டுப்போனதை அவன் மனப்பாடத்தால் மூடிக்கொண்டு வந்திருக்கிறான். கைடில் உள்ள கணக்கைப் படத்தோடு அப்படியே எழுதுவான். எண்ணை மாற்றினால் தீர்ந்தது.

அன்றுதான் இன்னொன்றும் சொன்னான். "ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தை நானே போட்டேன் மாமா." காலாண்டு மார்க் அக்காவுக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டுப் பிள்ளை மூலமாகத்தானாம். எனக்குத் திட்ட வாய் வந்தது. ஆனால் அரியரை வீட்டில் மறைத்தவன் எந்த முகத்தோடு திட்டுவது? இரண்டு பேருமாகப் போய் மச்சானிடம் சொன்னோம். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ரேங்க் கார்டைக் கேட்டு வாங்கி, பையன் போட்ட கையெழுத்துக்குக் கீழேயே தன் கையெழுத்தையும் போட்டார்.

மைனஸைச் சரிசெய்ய மளிகைக் கடைப் பற்று நோட்டுதான் உதவியது. மூன்று ரூபாய் கடன், மேலும் ஐந்து ரூபாய் கடன், மொத்தம் என்ன? பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. ஆனால் மூன்று வருஷப் பழக்கம் புரிந்ததும் போய்விடுமா? தினம் இருபது கணக்கு வீதம் ஒரு மாதம் ஆயிற்று. தீபாவளி அன்றைக்கும் போட்டான், முறைத்துக்கொண்டே.

அதோடு வினாத்தாளை எடுத்து வைத்து ஒரு கணக்குப் போட்டோம். ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2. ஆக 100. தேர்ச்சிக்கு 35. அந்த எட்டு மார்க் இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். பையனுக்குக் கை வேலை நன்றாக வரும், பட்டறை ரத்தம்! அடிப்பக்கம், உச்சிக்கோணம், நடுக்கோடு கொடுத்து முக்கோணம் வரையச் சொன்னால், பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். காம்பஸ் திருகு லூசாகக் கிடந்ததை மச்சானே பட்டறையில் சரிசெய்து கொண்டுவந்தார். "இந்த 16 உனக்கு வந்தாச்சு" என்று சொன்ன அன்றுதான் அவன் முதல்முதலாகத் தானாகவே அடுத்த கணக்கைக் கேட்டான். பாஸாவதற்காக மட்டும் படிப்பதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அது உறுத்தியது. ஆனால் 19-இல் நிற்கிறவனுக்கு முதலில் கால் ஊன்ற இடம் வேண்டும்.

அரையாண்டில் 33. ஜெயித்துவிடுவோம் என்று நினைத்த எனக்கு அது பெரிய அடி. அவன் அழவில்லை, விடைத்தாளைக் கொண்டுவந்து, "மைனஸ் தப்பு மூணுதான் மாமா. மீதி நேரம் பத்தலை" என்றான். தன் தப்பைத் தானே தேடிப் பிரித்து வைத்திருக்கிறான்! 33-ஐவிட எனக்கு அதுதான் பெரிய மார்க். ஜனவரியிலிருந்து கடிகாரம் வைத்து எழுதிப் பழகினோம்.

2024 ஏப்ரல் 1, கணக்குத் தேர்வு. மே 10 முடிவு வந்தது. கணக்கில் 58. அறிவியலில் 41தான், அதை நான் கவனிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்த வருஷமே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்தான். முடித்தால் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர வழி இருக்கிறது. இங்கே வந்து சேருவானா என்று கேட்காதீர்கள், முதலில் டிப்ளமோவை முடிக்கட்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிக்குப் பக்கத்து அரசுப் பள்ளிகளிலும் இப்படிப் பிள்ளைகள் இருப்பார்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம், ஒரு பிள்ளைக்கு ஒரு மாணவர். முதல் இரண்டு வாரம் யாரும் பாடம் நடத்தக் கூடாது, அந்தப் பிள்ளை கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்தால் தெரியும். ஜியோமெட்ரி பாக்ஸ் செலவு என்னுடையது. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்க முதல்வர் அவர்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். பேர் கொடுக்க விரும்பும் தம்பி தங்கைகள் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் என்னைப் பாருங்கள். நோட்டோடு வந்திருக்கிறேன். அரியர் வைத்திருப்பவர்களும் தாராளமாக வரலாம்.