உனக்கு என்ன வேணும்?

(கிளைக் கூட்டத்தில் டாக்டர் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)

ஹீமோஃபீலியா என்பது ரத்தம் உறையத் தேவையான ஃபாக்டர் 8 அல்லது 9 பிறவியிலேயே குறைந்திருக்கும் வியாதி. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும். வெளிக்காயத்தைவிட, முட்டி, கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் கசியும் ரத்தமே கை காலை முடக்கிவிடும்.

பல வருஷம் எல்லோருக்கும் நான் வைத்த இலக்கு ஒன்றுதான்: ரத்தக்கசிவே கூடாது. ஒரு நாள் 14 வயதுப் பையன் முட்டி வீங்கி வந்தான். மூன்று நாள் வலியை மறைத்திருக்கிறான். "சொன்னா சைக்கிளை நிறுத்திடுவீங்க" என்றான். தப்பு என்னுடையது.

அன்றுதான் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். "சைக்கிள்ல ஸ்கூல் போகணும்."

அதையே இலக்காக எழுதினோம். முட்டி ஆறியதும் பிஸியோதெரபியில் தொடையைப் பலப்படுத்துவது. ஃபாக்டர் 8 உடம்பில் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். எனவே சைக்கிள் ஓட்டும் நாள் காலையில் ஊசி. ஹெல்மெட் கட்டாயம். வலித்தால் உடனே சொல்வது அவன் பொறுப்பு. திட்டாமலிருப்பது எங்கள் பொறுப்பு. வாரம் இரண்டு நாள் போனால் போதும், மூன்று என்றால் பிரமாதம் என்று அளவும் குறித்தோம். இப்படி அளவிடும் முறையை 1968-லேயே கிரெசுக், ஷெர்மன் இருவரும் மனநல சிகிச்சைக்காக வகுத்தார்கள்.

மூன்று மாதத்தில் இரண்டு நாள் ஓட்டினான். ஒருமுறை முட்டி சுருக்கென்றதும் அரை மணியில் போன் வந்தது. அதுதான் எனக்குப் பெரிய வெற்றி.

உங்கள் வீட்டில் நெடுநாள் வியாதியஸ்தர் இருந்தால், டாக்டரிடம் போகுமுன் அவரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். பதிலை எழுதிக்கொண்டு போங்கள்.